உப்புக்கு நான், சத்தத்துக்கு அம்மா

அன்புள்ள அவசரத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளைக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இருவருடைய நினைப்பும். நாங்கள் நலம். போன இரண்டு கடிதங்களிலும் இந்த 'நலம்' என்ற சொல்லை எழுதும்போது கை கூசியது, ஆனாலும் எழுதினேன், இந்தத் தடவை பேனா தானாக ஓடுகிறது. வாராவாரம் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் பேசுவது நீயும் அம்மாவும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துத் தலையாட்டுகிறவன், அவ்வளவுதான். ஆணித் தொழிற்சாலை என் இடது காதை முழுசாகவும் வலது காதில் முக்காலையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் என்னை வீட்டுக்கு அனுப்பியது. நீ வாங்கி அனுப்பிய காதுக்கருவி மேஜை இழுப்பறையில் சௌக்கியமாகப் படுத்திருக்கிறது, மாட்டினால் எல்லாம் ஒரே இரைச்சலாக வருகிறது, எது பேச்சு எது பாத்திரம் என்று பிரிக்கத் தெரியவில்லை. அதனால் எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் இந்தக் காகிதம்தான் வழி. இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது. நம் வீட்டுச் சமையலறையில் நான் ஓர் அதிசயம் பார்த்தேன். விஷயம் வெண்டைக்காய் வதக்குவதைப் பற்றியது, சிரிக்காதே. இன்னொன்று, உன் வழக்கப்படி கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. அம்மா சொன்ன ஒரு வார்த்தையைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன், வரிசையாகப் படித்து வந்தால்தான் அது விளங்கும்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும், போனதும் தெரியும். போகும்போது அது எதைக் கையோடு கொண்டு போனது என்பதுதான் உனக்குத் தெரியாது, அவள் சொல்லவிடவில்லை, இப்போது அவளே எழுதுங்கள் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடு பூராவும் புகை, அம்மா அதற்குப் பக்கத்திலேயே நின்று துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு இது கூடவா தெரியவில்லை என்று கேட்டேன். அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி, பாதியை வாயில் வைத்துக் கடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். வாசனையும் போய்விட்டது, ருசியும் போய்விட்டது. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வர நாளாகும், சிலருக்கு வராமலும் போகலாம், இதற்கென்று மாத்திரை இல்லை, சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாகப் போயிற்று. மனுஷிக்குச் சாப்பிடுகிற ஆசையே அற்றுப்போய்விட்டது. ஒரு நாள் தட்டில் கை வைத்தாள், விரலிலிருந்த மோதிரம் கழன்று சோற்றுக்குள் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த மோதிரம் பையில் கிடந்த நாட்களில் எனக்கும் ஒரு வாய் இறங்கவில்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. உன் அக்கா தான் வேலை பார்க்கிற மருந்துக்கடையிலிருந்து சத்துமாவு டப்பாக்களைக் கொண்டுவந்து அடுக்கினாள், உடம்பு தேறாதவளுக்கு மெத்தென்றுதான் கொடுக்க வேண்டும் என்று கட்டளை போட்டாள். அதனால் சமையல் என் தலையில் விழுந்தது. கஞ்சி, குழைத்த சோறு, மசித்த கிழங்கு, பாலில் ஊறவைத்த ரொட்டி என்று பல் இல்லாதவருக்குச் செய்வது போலச் செய்துகொண்டிருந்தேன். அவள் ஒரு வாய் எடுப்பாள், கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வாள், விழுங்கமாட்டாள். என்னம்மா என்று கேட்டால் ஈரத் துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்பாள். நாங்கள் இன்னும் குழைத்தோம். வாய்க்கு ருசியும் இல்லை, மூக்குக்கு மணமும் இல்லை, மிச்சம் இருப்பது பல்லும் காதும்தான், அந்த இரண்டுக்கும் வேலையே இல்லாத சாப்பாட்டை அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது படித்த உன் அக்காவுக்கும் தோன்றவில்லை, இயந்திரங்களோடு வாழ்ந்த எனக்கும் தோன்றவில்லை. அம்மா சமையலறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். கூடத்தில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பாள், நான் அகப்பையோடு போய் நின்றால் வேண்டாம் என்று கையை மட்டும் அசைப்பாள்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது. நீ சமைத்துக்கொண்டே பேசினாய், ஞாபகம் இருக்கிறதா. அம்மா போனை மடியில் வைத்து, எனக்காகச் சத்தத்தைக் கூட்டி விட்டிருந்தாள், எனக்கு அது கிணற்றுக்குள் யாரோ முனகுகிற மாதிரிதான் இருந்தது. நீ பேசினாய், அவள் உம் கொட்டினாள், அப்புறம் நீ வழக்கம்போல அவசரம், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். 'அவசரம்' என்று நாங்கள் வைத்த செல்லப்பேருக்குத் தகுந்த பிள்ளை. அவள் கண்ணைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தோளைத் தொட்டு முகத்தைத் திருப்பிச் சொல்வாளே, அது நின்றுபோய் எத்தனையோ நாளாகியிருந்தது, அன்று தொட்டாள். "வெண்டைக்காயை ஈரத்தோட போட்டுட்டான். கூடவே உப்பையும் போட்டுட்டான். இந்நேரம் கொழகொழன்னு ஆயிருக்கும்" என்றாள். நீ வெண்டைக்காய் என்று சொன்னாயா என்று கேட்டேன், சொல்லவில்லையாம். சமைக்கிறேன் என்றுதான் சொன்னாயாம். பிறகு அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கிழங்கு என்றால் எண்ணெயில் கனமாக விழும், வெண்டைக்காய்க்கு உள்ளே வெற்றிடம், லேசாக விழும் என்றாள். ஈரமில்லாத காய் விழுந்தால் சத்தம் சரசரவென்று நீண்டுகொண்டே போக வேண்டும், இது விழுந்ததும் வெடித்து, உடனே அடங்கி, கொதகொதவென்று கொதிக்கிற சத்தமாகிவிட்டது, அப்படியானால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்றாள். நான் நம்பவில்லை. காய்ச்சல் கண்டவள் ஏதோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அக்கா வந்து, நீ அவளுக்கு அனுப்பிய படத்தைக் காட்டினாள். தட்டில் பச்சையாக, பசை வாளியைக் கவிழ்த்தது போல ஒன்று, அதற்குக் கீழே 'இந்த வெண்டைக்காயை யார் சாப்பிடுவது' என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்த ஊரிலோ எந்த அடுப்பிலோ கிடந்த ஈரம், கடலைத் தாண்டி வந்து இவள் காதில் விழுந்திருக்கிறது. அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பெருமைப்படவில்லை, கொஞ்ச நேரம் யோசித்தாள், யோசித்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைதான் கடைசிக்கு வைத்திருப்பது. சொல்லிவிட்டு, நாளைக்கு வெண்டைக்காய் வாங்கி வாருங்கள் என்றாள். அவளாக ஒன்று வேண்டும் என்று கேட்டது காய்ச்சலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்ல நீளமாக, தடியாக, பார்க்க லட்சணமாக இருப்பதாகப் பொறுக்கி வாங்கி வந்து அவள் முன்னால் கொட்டினேன். ஒன்றை எடுத்து நுனியை வளைத்தாள், அது வளைந்துகொண்டே போனது, ஒடியவில்லை. இதை அடுப்பில் போட முடியாது, அடுப்புக்கு அடியில் வைத்து எரிக்கலாம் என்றாள். வாங்கும்போது நீங்கள் நுனியை ஒடித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டாள், ஒடித்தேன், எனக்குச் சத்தம் கேட்டால்தானே. அடுத்த நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். மாடிப்படி வளைவில் ஒரு தடவை உட்கார்ந்தாள், தெருமுனையில் ஒரு தடவை நின்றாள், ஆனால் திரும்பலாமா என்று நான் கேட்டதற்கு என் கையை இழுத்துக்கொண்டு மேலே நடந்தாள். காய்க்காரம்மாவின் கூடையில் சின்னதாக, விரல் நீளத்துக்கு, மேலே பூனைமுடி மாதிரி மெல்லிய சுணை உள்ள காய்கள். ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் வைத்து நுனியை ஒடித்தாள். டக்கென்று ஒடிந்தது பைக்கு, ஒடியாமல் மடங்கியது கூடைக்கு. காய்க்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாரும் காயைப் பார்த்து வாங்குவார்கள், நீங்கள் கேட்டு வாங்குகிறீர்களே, கூடையிலே திரும்பப் போடுவதை நான் யாருக்கு விற்பது என்று சத்தம் போட்டாள். அம்மா சிரித்தாள். ஒடித்ததில் நல்லது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், பைக்குள் அடங்கவில்லை.

இனி நான் எழுதப்போவது உனக்குப் பாடம், அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், அவள் எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். காயை முழுசாகக் கழுவ வேண்டும், வெட்டிவிட்டுக் கழுவவே கூடாது, வெட்டிய வெண்டைக்காயில் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான், கதை முடிந்தது. கழுவியதும் பழைய துண்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் துடைத்து, காற்றுப்படுகிற இடத்தில் பரத்தி, காயவிட வேண்டும். அவள் ஜன்னலடியில் செய்தித்தாளை விரித்துப் பரத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். நீ இந்த இடத்தில்தான் தோற்கிறாய் என்கிறாள், நாள் குறித்ததற்கு முன்னாலேயே பிறந்தவனுக்குக் காய் காய்கிற வரைக்கும் பொறுமை எங்கே இருக்கும் என்கிறாள். கத்தியும் பலகையும் கூட ஈரமில்லாமல் இருக்க வேண்டும். காம்பையும் நுனியையும் எடுத்துவிட்டு, விரல் கணு அளவுக்குத் துண்டு போடு, பொடிப்பொடியாக வெட்டாதே, வெட்ட வெட்டத்தான் பசை வெளியே வரும். முதல் துண்டு விழுந்ததும் நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஐந்து பக்கமும் ஒரே அளவு, நடுவில் ஐந்து அறை, அறைக்குள் முத்து முத்தாக விதை. தொழிற்சாலையில் இப்படி ஐந்து பட்டை உள்ள ஒரு திருகாணித் தலையை அடிக்க நாங்கள் அச்சோடு மல்லுக்கட்டியிருக்கிறோம், இது மண்ணிலிருந்து தண்ணீரைக் குடித்துவிட்டுத் தானாக இந்த அளவுக்கு வந்திருக்கிறது. இத்தனை காலம் இதைப் பார்க்காமலேயே தின்றிருக்கிறேனே என்று இருந்தது. அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் போதும், அதற்கு மேல் வேண்டாம், இதயத்துக்கும் நல்லது, வாணலி கழுவுகிறவனுக்கும் நல்லது. காயை ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் பரத்திப் போடு. மூடி போடாதே, மூடினால் ஆவி தண்ணீராகி உள்ளேயே விழும். உப்பு இப்போது போடாதே, உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அப்புறம் முக்கியமானது, கிளறிக்கொண்டே இருக்காதே.

இந்தக் கடைசி விஷயம் எனக்குச் சுலபத்தில் வரவில்லை. ஓடுகிற இயந்திரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாதவன் நான். அம்மாவுக்கு அடுப்படியில் நிற்கத் தெம்பில்லை, அதனால் எனக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் கரண்டியைத் தூக்கினால் கையை அழுத்துவாள், சும்மா இரு என்று அர்த்தம். ஒரு தட்டுத் தட்டினால் கிளறலாம். அப்படியே நின்றேன். காய் முதலில் கரும்பச்சையாகிப் பளபளத்தது, அங்கங்கே நூல் நூலாகப் பசை தெரிந்தது, எனக்குக் கை பரபரத்தது, முதுகில் கை அழுத்தியது. ஒரு தட்டு, கிளறினேன். மறுபடி காத்திருந்தேன். பசை நூல்கள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மெலிந்து காணாமல் போயின, ஓரங்கள் பொன்னிறமாயின. நான் கண்ணால் பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. அடுப்பை அணைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கண் இன்னும் மூடித்தான் இருக்கிறது. அப்புறம்தான் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள், பாதி எலுமிச்சம்பழம் பிழிந்தது, எஞ்சிய வழவழப்பை அந்தப் புளிப்பு முறித்துவிடும். அவ்வளவுதான் சமையல். தட்டில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். கடித்துவிட்டு நிறுத்தினாள். ஐயோ, இதுவும் ஈரத் துணிதான் போலிருக்கிறது என்று தட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவள் என் தோளைத் தொட்டு, "விதை வெடிக்குது. உள்ளுக்குள்ள கேக்குது" என்றாள். இன்னொன்று எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். ருசி தெரிகிறதா என்று கேட்டேன், ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சாப்பிடுகிறேன் என்று தெரிகிறது என்றாள். தட்டு காலியாயிற்று. ஒரு வெங்காயம் கூட உரிக்காத சமையலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நடந்த கூத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்கா எழுதிவிடுவாள். இரண்டு தட்டு விழுந்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டு எடுக்கத் திரும்பியிருக்கிறேன், அம்மா எழுந்து உப்பைப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு எங்கே கேட்டது. நானும் என் பங்குக்குப் போட்டேன். போட்டவளுக்கு உப்புத் தெரியாது, போட்டாயிற்று என்பதைக் கேட்க வேண்டியவனுக்குக் காது கிடையாது, உலகத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தத் தப்பு நடக்க முடியும். நான் ஒரு வாய் வைத்துவிட்டு நாக்கை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு தண்ணீருக்கு ஓடுகிறேன், அவள் பாட்டுக்குக் கருமமே கண்ணாகக் கடித்துக்கொண்டிருக்கிறாள், என்ன ஆயிற்று உங்களுக்கு என்று கேட்கிறாள். அன்றைக்குத்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். உப்புக்கு நான், சத்தத்துக்கு அம்மா. ஆனால் உப்பு வேலை நான் நினைத்த மாதிரி லேசான வேலை இல்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டால் நான் காலமெல்லாம் செய்தது போல நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், விடவில்லை. நன்றாக என்றால் எப்படி, ஓரத்தில் எப்படி, நடுவில் எப்படி, புளிப்பு முதலில் வருகிறதா பிறகு வருகிறதா என்று குடைகிறாள். நான் மென்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லப் போனால்தான் தெரிகிறது, பொன்னிறமான ஓரத்தில் வறுத்த கடலையின் வாசம் இருக்கிறது, விதைக்குள் பால் மாதிரி ஒரு இனிப்பு இருக்கிறது, காம்பருகே லேசாகத் துவர்க்கிறது. இவ்வளவும் என் வாயில்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிறாள், ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டுகிறாள்.

அவளுக்கு என் நாக்கைக் கொடுத்தாயிற்று, அவள் காதில் விழுவது எனக்கும் வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. தொழிற்சாலையில் பேரிங் கெட்டுப்போனதா என்று பார்க்க நாங்கள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொள்வோம், காதுக்கு வராதது எலும்புக்கு வரும். அதே மாதிரி நீள மரக்கரண்டியை வாணலி விளிம்பில் ஊன்றி எலும்பில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கரண்டியின் பிடியைப் பல்லால் கடித்தேன். அந்த நேரம் பார்த்து உன் அக்கா சத்துமாவு டப்பாவோடு உள்ளே வந்தாள். அப்பா அடுப்பின்மேல் குனிந்து கரண்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறார், அம்மா பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும் ஒன்றாக மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாளாம். நான் அவளைக் கவனிக்கவில்லை. பல்லில் ஏதோ வந்துகொண்டிருந்தது. கேட்டது என்று சொன்னால் பொய், எறும்பு ஊர்கிற மாதிரி, பல் வழியாகத் தாடைக்குள் ஒரு நடுக்கம். முதலில் தாறுமாறாகக் குதித்தது, அப்புறம் ஒழுங்காகி, அப்புறம் மெலிந்து மெலிந்து, சட்டென்று வேறு மாதிரி ஆனது, உள்ளே இருந்த ஈரம் முழுக்கப் போய்க் காயும் எண்ணெயும் மட்டும் பேசிக்கொள்கிற மாதிரி. இதுதானோ என்று நான் நினைப்பதற்கும் முதுகில் இரண்டு தட்டு விழுவதற்கும் சரியாக இருந்தது. நான் கரண்டியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை, அப்படியே நின்றேன். எத்தனை ஆயிரம் வேளை இவள் இந்த அடுப்பின் முன்னால் நின்று இதைக் கேட்டிருக்கிறாள், நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து சமையல் ஆயிற்றா என்று கத்தியிருக்கிறேன். ஒரு கை வெண்டைக்காய்க்குள் இவ்வளவு நடக்கிறது என்றால் இந்த உலகத்தில் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன நடந்துகொண்டிருக்கிறதோ என்று பிரமிப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அக்காவும் ஒரு தட்டு சாப்பிட்டாள். சத்துமாவு டப்பாவைத் திறக்காமலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான். அக்காவுக்குக் கடையில் பொறுப்பு கூடியிருக்கிறது, குரலும் கூடியிருக்கிறது, அது எனக்கு வசதிதான். அம்மா இப்போது வெள்ளரிப்பிஞ்சு, கேரட், வறுத்த கடலை, ஓரம் முறுகிய ரொட்டி என்று எதைக் கடித்தால் சத்தம் வருமோ அதை எல்லாம் சாப்பிடுகிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிகிறது. போன தடவை எடை பார்த்த டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார், வெண்டைக்காய் என்றேன், சிரித்துவிட்டு அதையே கொடுங்கள் என்றார். வாசனையும் ருசியும் இன்னும் வரவில்லை, வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். தினமும் காலையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கிறாள், இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறாள். நீ இதை நினைத்து அங்கே தனியாக உட்கார்ந்து கலங்க வேண்டாம். செருப்பு தேய்ந்திருந்தால் மாற்று, ஈரத் தரையில் வழுக்கும். நின்றுகொண்டே சாப்பிடாதே. ராத்திரி கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே.

இனி அந்த வார்த்தை. நீ தாவாமல் படித்திருந்தால் இப்போது சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த சாயங்காலம் அம்மா சொன்னது காயின் ஈரத்தைப் பற்றி இல்லை. வாணலியில் விழுந்த துண்டுகளின் சத்தத்தை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். "ஒரு கைப்பிடி கூட விழலீங்க. அவன் கூட்டாளிங்களோட சமைச்சுச் சாப்பிடறேன்னு சொல்றதெல்லாம் சும்மா. தனியாத்தான் இருக்கான், அரை வயித்துக்குத்தான் சமைக்கறான்" என்றாள். நான் சரி, நாளைக்கே போன் பண்ணித் திட்டு என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "நான் பட்டினி கிடந்துகிட்டு அவனைச் சாப்பிடுன்னு எந்த வாயால சொல்றது. முதல்ல நான் சாப்பிடறேன்." அதற்கப்புறம்தான் வெண்டைக்காய் வாங்கி வாருங்கள் என்றது. டாக்டர் சொல்லி எழாதவள், அக்கா கத்தி எழாதவள், நான் கெஞ்சி எழாதவள், உன் வாணலியில் காய் குறைவாக விழுந்த சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தாள். அதை நேரில் பார்த்தவன் நான், எனக்கு அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஆகவே உன்னை ஏன் என்றும் கேட்கவில்லை, எதற்கு மறைத்தாய் என்றும் கேட்கவில்லை, மறைக்கிற வித்தையில் நாங்களும் உனக்குச் சளைத்தவர்கள் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ காயைக் கழுவித் துடைத்துக் காயவைத்துவிட்டுப் போன் செய். போனை அடுப்புக்குப் பக்கத்தில் வை, பேச வேண்டாம். இங்கே அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள், எப்போது கிளறுவது எப்போது அணைப்பது என்று போனிலேயே விரலால் தட்டுவாள். நாங்களும் அதே நேரம் தட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறோம். நீயும் உட்கார்ந்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடித்துச் சாப்பிடு. மோதிரம் அவள் விரலுக்கு இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது, ஆனால் என் சட்டைப் பையிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள்.

நீ எங்கே இருந்தாலும் உன் அடுப்பு அணையாமல், உன் தட்டு நிறைந்து, உடம்பும் மனசும் திடமாக நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கை நிறைய அள்ளிப் போடு. குறைத்துப் போட்டால் அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

இப்படிக்கு,
உப்புப் பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும்
உன் அப்பா